வெளியூரிலிருந்து வீட்டுக் கோப்புச் சர்வரைத் திறக்க எந்த வழி? பழுதுகளை முன்வைத்து ஓர் ஒப்பீடு

வீட்டில் இயங்கிக்கொண்டிருக்கும் கோப்புச் சர்வரை வெளியூரிலிருந்து திறப்பதற்கு இன்று வழிகளுக்குப் பஞ்சமில்லை. ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்யலாம், அதாவது ஒரு குறிப்பிட்ட போர்ட்டுக்கு (சேவைகளைப் பிரித்தறியும் வாசல் எண்ணுக்கு) வெளியிலிருந்து வரும் இணைப்பைச் சர்வருக்குத் திருப்பிவிடலாம். வயர்கார்டு என்ற மென்பொருளால் சொந்தமாக ஒரு விபிஎன், அதாவது இணையத்தின் ஊடே செல்லும் குறியாக்கப்பட்ட தனிச் சுரங்கம், அமைக்கலாம். அத்தகைய சுரங்கத்தை நமக்காக ஒருங்கிணைத்துத் தரும் டெயில்ஸ்கேல் போன்ற சேவையில் சேரலாம். கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் டனல் சேவை வழியாக இணையப் பக்கமாக வெளியே காட்டலாம். மாத வாடகைக்கு ஒரு விபிஎஸ் (இணையத்தில் இயங்கும் மெய்நிகர் சர்வர்) எடுத்து அதை நடுவில் நிறுத்தலாம். நாஸ் (வலையமைப்பில் இணைத்துவைக்கும் கோப்புச் சேமிப்புப் பெட்டி) தயாரித்த நிறுவனமே தரும் இணைப்புச் சேவையைப் பயன்படுத்தலாம். இவற்றை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் வேகத்தையும் செலவையும் அமைக்கும் எளிமையையும்தான் எடைபோடுகிறார்கள். அவை தேவையான அளவுகோல்களே. ஆனால் இணைப்பு அறுந்துபோகும் நாளில் நாம் வீட்டில் இருக்கமாட்டோம் என்பதை மனத்தில் வைத்தால், வேறொரு அளவுகோல் முன்னுக்கு வருகிறது: ஒரு வழி எப்படிப் பழுதாகும், பழுது எந்த இடத்தில் என்று தொலைவிலிருந்தே கண்டுபிடிக்க முடியுமா, கண்டுபிடித்தபின் வீட்டிலுள்ளவர்களைத் தொந்தரவு செய்யாமல் சரிசெய்ய முடியுமா? இந்தக் கட்டுரை வழிகளை அந்தக் கோணத்திலேயே ஒப்பிடுகிறது.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஓர் அமைப்பை எடுத்துக்கொள்வோம். வீடு மதுரையில், ஃபைபர் இணைப்பு, அதில் ஒரு சிறிய நாஸ் பெட்டியோ, வெளி ஹார்ட் டிஸ்க் இணைத்த ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினிப் பலகையோ சாம்பா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருள் வழியாகக் குடும்பத்தின் புகைப்படங்களையும் பத்திரங்களின் ஸ்கேன்களையும் வைத்திருக்கிறது. உரியவர் பெங்களூரில் வேலை பார்க்கிறார். வீட்டில் பெற்றோர் மட்டும் இருக்கிறார்கள். ரவுட்டரை அணைத்துப் போடுவதற்கு மேல் அவர்களிடம் எதையும் கேட்பது நியாயமில்லை.

பொது முகவரி இருக்கிறதா என்பதே முதல் கேள்வி

எந்த வழியைத் தேர்ந்தாலும், ஏற்கெனவே தேர்ந்த வழி வேலை செய்யாவிட்டாலும், முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே: வீட்டு இணைப்புக்கென்று தனியாக ஒரு பொது ஐபி முகவரி இருக்கிறதா? ஐபிவி4 என்ற பழைய வகை முகவரிகளின் உலகளாவிய கையிருப்பில் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3 அன்று பகிர்ந்தளிக்கப்பட்டன. ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கு முகவரி வழங்கும் ஏப்நிக் அமைப்பு அதே ஆண்டு ஏப்ரலிலேயே தன் இறுதித் தொகுதிக்கு வந்துவிட்டது. அதன்பின் வளர்ந்த இணையச் சேவை நிறுவனங்கள் வேறு வழியின்றிப் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடைத்தன. சிஜிநாட் என்று சொல்லப்படும் இந்த ஏற்பாட்டுக்காகவே 2012இல் 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான முகவரிகள் தனியாக ஒதுக்கப்பட்டன. பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் தெரு முகவரி மட்டும் தெரிந்த தபால்காரர் எந்தக் கதவைத் தட்டுவதென்று தெரியாமல் திரும்பிவிடுவதுபோல, வெளியிலிருந்து வரும் இணைப்பு இங்கே நிறுவனத்தின் வாசலிலேயே நின்றுவிடுகிறது. நம் ரவுட்டரில் எத்தனை முறை போர்ட் திறந்தாலும் பயன் இராது, ஏனெனில் அந்தப் பாக்கெட் (தரவுத் துண்டு) நம் ரவுட்டரைத் தொடுவதே இல்லை.

இதைச் சோதிப்பது எளிது. ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் வேன் (WAN) அல்லது இன்டர்நெட் என்ற பகுதியில் காட்டப்படும் முகவரியை எழுதிக்கொள்ள வேண்டும். பின்னர் அதே வைஃபையில் இருக்கும் கணினியின் பிரவுசரில், நம் ஐபி முகவரியைக் காட்டும் ஏதாவதொரு தளத்தைத் திறந்து இரண்டையும் ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் பொது முகவரி உண்டு. ரவுட்டரில் இருப்பது 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால் சிஜிநாட். 10 என்று தொடங்கினாலும் பெரும்பாலும் அதுவே. 192.168 என்று தொடங்கினால் உடனே நிறுவனத்தைக் குறைசொல்லிவிடக் கூடாது. நிறுவனம் பொருத்திய ஃபைபர் பெட்டி தானே ஒரு ரவுட்டராக இயங்க, அதன் கீழே நாம் வாங்கிய ரவுட்டர் இரண்டாவதாக உட்கார்ந்திருக்கலாம். அப்படியானால் மேலே உள்ள பெட்டியை, ரவுட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்தும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றச் சொன்னால் போதும். அல்லது இரண்டு பெட்டிகளிலும் போர்ட்டைத் திறக்க வேண்டும். அந்த மேல் பெட்டியின் வேன் முகவரியையும் பார்த்தபின்னரே முடிவுக்கு வர வேண்டும்.

சிஜிநாட் என்று உறுதியானால், நிலையான ஐபி முகவரியைக் கூடுதல் கட்டணத்துக்குக் கேட்டுப் பெறலாம். பல நிறுவனங்கள் தருகின்றன. அதற்கு முன் ஐபிவி6 என்ற புதிய முகவரி முறையின் நிலையையும் பார்த்துவிடுவது நல்லது. இந்தியாவில் இணையப் பயன்பாட்டின் பாதிக்கும் மேற்பட்ட பங்கு இன்று ஐபிவி6 வழியாகவே நடக்கிறது. அதில் சிஜிநாட் தேவைப்படுவதில்லை, வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் உலகளாவிய முகவரி கிடைக்கிறது. ஆயினும் ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வால் உள்வரும் இணைப்புகளை வழக்கமாகத் தடுத்தே வைத்திருக்கும், சில ரவுட்டர்களில் அதில் விதிவிலக்கு சேர்க்கவே இடமிராது; மறுமுனையில் நாம் அமர்ந்திருக்கும் அலுவலக வைஃபையில் ஐபிவி6 இல்லாமலும் போகலாம். ஆகவே அதை மட்டும் நம்பி இறங்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

போர்ட் ஃபார்வர்டிங்

பொது முகவரி இருக்கிறவர்கள் முதலில் நாடுவது இதைத்தான், இதில் பழுதுகளுக்கும் குறைவில்லை. சர்வரின் உள் முகவரி, முகவரிகளைத் தானாக வழங்கும் டிஹெச்சிபி முறையின் புதுப்பிப்பில் மாறிவிட, ரவுட்டர் போர்ட்டை வேறொரு கருவிக்கு, சில வேளை தொலைக்காட்சிக்குக்கூட, அனுப்பிக்கொண்டிருக்கும். ரவுட்டரில் முகவரியை முன்பதிவு செய்து வைத்தால் இது வராது. வெளி முகவரி மாறும்போது அதைப் பின்தொடர டைனமிக் டிஎன்எஸ், அதாவது மாறும் முகவரியை ஒரு நிலையான பெயரோடு இணைத்துவைக்கும் சேவை, வேண்டும். நோஐபி சேவையின் இலவசப் பெயர்களை 30 நாளுக்கு ஒருமுறை உறுதிசெய்யாவிட்டால் அவை காலாவதியாகிவிடும், அந்த மின்னஞ்சலைக் கவனிக்காதவர்கள் பல மணி நேரம் ரவுட்டரைச் சந்தேகித்துக்கொண்டிருப்பார்கள். இன்னொன்று, வீட்டுக்குள்ளிருந்தே வெளி முகவரியை அழைத்துச் சோதிப்பது: பல ரவுட்டர்கள் இப்படி உள்ளிருந்து புறப்பட்டு வெளி முகவரி வழியாகத் திரும்பும் போக்குவரத்தை ஆதரிப்பதில்லை, ஆகவே சரியாக இருக்கும் அமைப்பும் பழுதானதுபோலத் தோன்றும். கைபேசியில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் சோதிப்பதே சரியான சோதனை.

அந்தச் சோதனையில் வரும் பிழைச் செய்தியைக் கவனமாகப் படிக்க வேண்டும். இணைப்பு மறுக்கப்பட்டது என்று உடனடியாக வந்தால் பாக்கெட் ஏதோ ஒரு கருவியை அடைந்திருக்கிறது, அங்கே அந்தப் போர்ட்டில் சேவை இயங்கவில்லை. நெடுநேரம் காத்திருந்து நேரம் கடந்துவிட்டது என்று வந்தால் பாக்கெட்டை வழியில் யாரோ விழுங்கிவிட்டார்கள்: சிஜிநாட், ஃபயர்வால், அல்லது அந்தப் போர்ட்டையே தடுக்கும் இணையச் சேவை நிறுவனம். விண்டோஸ் கோப்புப் பகிர்வு நெறிமுறையான எஸ்எம்பியின் 445ஆம் போர்ட்டைப் பல நிறுவனங்கள் தங்கள் வலையமைப்பிலேயே தடுத்துவைத்திருக்கின்றன. 2017 மே மாதத்தில் வானாக்ரை என்ற கப்பம் கேட்கும் நிரல் எஸ்எம்பி நெறிமுறையின் பழைய பதிப்பிலிருந்த ஓட்டை வழியாக உலகம் முழுவதும் பரவியதை நினைத்தால், அந்தத் தடையை நீக்கச் சொல்லி யாரும் கேட்கக் கூடாது என்றே சொல்வேன்.

எஸ்எம்பியைத் திறக்காமல் நாஸ் பெட்டியின் நிர்வாகப் பக்கத்தை மட்டும் திறந்துவைத்தால் என்ன என்று கேட்கிறவர்கள் உண்டு. 2021 ஏப்ரலில் க்யூலாக்கர் என்ற நிரல் இணையத்துக்குத் திறந்திருந்த க்யூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளுக்குள் புகுந்து, கோப்புகளைக் கடவுச்சொல் போட்ட 7-ஸிப் பொதிகளாக மாற்றி 0.01 பிட்காயின் கேட்டது. அதே ஆண்டு ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் கருவிகள், 2015க்குப் பின் மென்பொருள் புதுப்பிப்பே பெறாதவை, தொலைவிலிருந்து ஆலை நிலைக்குத் திருப்பப்பட்டு உள்ளடக்கம் முழுவதையும் இழந்தன. 2022 ஜனவரியில் டெட்போல்ட் தாக்குதல் தொடங்கியபோது, ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங்கையும் நாஸில் தானாகப் போர்ட் திறக்கும் யுபிஎன்பியையும் நிறுத்துங்கள் என்று க்யூநாப் நிறுவனமே பயனர்களைக் கேட்டுக்கொண்டது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அலட்சியக்காரர்கள் அல்லர்; வெளியூரிலிருந்து தங்கள் கோப்புகளைப் பார்க்க விரும்பிய சாதாரணக் குடும்பங்கள். குழந்தைகளின் பத்தாண்டுப் புகைப்படங்கள் இருக்கும் பெட்டியை இப்படித் திறந்துவைப்பதற்கு எந்த வசதியும் ஈடாகாது. இந்த ஒப்பீட்டில் நான் முழுதாகத் தள்ளிவைக்கும் வழி இது ஒன்றுதான்.

சொந்த வயர்கார்டு

பொது முகவரி உள்ளவர்கள் ஒரே ஒரு யுடிபி (இணையத்தில் தரவு அனுப்பும் ஒரு முறை) போர்ட்டை, வழக்கமாக 51820ஐ, வயர்கார்டுக்கு மட்டும் திறப்பது முற்றிலும் வேறு விஷயம். 2020 மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் 5.6 முதல் இது கெர்னலிலேயே, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியிலேயே, சேர்ந்திருக்கிறது. குறியீட்டு அளவு சிறியது, வேகம் ராஸ்பெரி பைக்கும் போதுமானது. முறையான சாவி இல்லாமல் வரும் பாக்கெட்டுக்கு அது பதிலே சொல்லாது; துருவிப் பார்க்கிறவர்களுக்கு அங்கே எதுவும் இருப்பதாகத் தெரியாது.

பாதுகாப்புக்கு உதவும் அந்த மௌனமே பழுதுபார்க்கும்போது இடைஞ்சலாகிறது. சாவி தவறென்றாலும், போர்ட் மூடியிருந்தாலும், முகவரி மாறியிருந்தாலும் நமக்குக் கிடைப்பது ஒரே அமைதிதான். ஆகவே அதன் நிலைக் கட்டளை காட்டும் சில வரிகளைப் படிக்கப் பழகிக்கொள்ள வேண்டும். கடைசிக் கைகுலுக்கல் (இரு முனைகளும் ஒன்றையொன்று சாவி கொண்டு சரிபார்ப்பது) எப்போது நடந்தது என்ற வரி முதலில். தரவு போய்வந்துகொண்டிருக்கும்போது சுமார் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை புதிய கைகுலுக்கல் நடக்க வேண்டும்; அந்த வரியே இல்லாவிட்டாலோ பல மணி நேரம் பழையதாக இருந்தாலோ இரண்டு முனைகளும் சந்திக்கவில்லை. அடுத்த வரியில் அனுப்பிய அளவு கூடிக்கொண்டே போய்ப் பெற்ற அளவு சுழியத்திலேயே நின்றால், நம் பக்கம் பேசுகிறது, பதில் இல்லை: முகவரியையும் போர்ட்டையும் சாவியையும் பார்க்க வேண்டும். கைகுலுக்கல் புதிதாக இருந்தும் சர்வர் பிங் என்ற சோதனை அழைப்புக்குப் பதில் தராவிட்டால், அனுமதிக்கப்பட்ட ஐபி பட்டியலிலோ சர்வரின் ஃபயர்வாலிலோ பிழை. பிங் சரியாக வந்து, கோப்புறையும் திறந்து, பெரிய கோப்பை இழுக்கும்போது மட்டும் உறைந்துபோனால் எம்டியு அளவை, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவை, குறைக்க வேண்டும். வயர்கார்டு இடைமுகத்தின் வழக்கமான அளவு 1420 பைட். பிபிபிஓஇ என்ற உள்நுழைவு முறையில் வரும் இணைப்பில் பாக்கெட்டின் உச்ச அளவே 1492 என்பதால் 1412 என்று வைப்பது பொருந்தும், ஐயமிருந்தால் 1280 என்று வைத்துப் பார்க்கலாம். இந்தக் கடைசிப் பழுது மனத்தைச் சோர்வடையச் செய்யும் வகை, ஏனெனில் எல்லாமே வேலை செய்வதுபோலத் தெரியும்.

முகவரி மாற்றம் இங்கேயும் ஒரு தொல்லை. லினக்ஸ் கணினியில் வயர்கார்டு தன் மறுமுனையின் டிஎன்எஸ் பெயரை இடைமுகம் எழும்போது ஒருமுறை மட்டுமே முகவரியாக மாற்றிக்கொள்கிறது. இரவில் மதுரை ரவுட்டர் மறுதொடக்கமாகிப் புதிய முகவரி பெற்றால், பெங்களூர்க் கணினி பழைய முகவரிக்கே பேசிக்கொண்டிருக்கும். டைனமிக் டிஎன்எஸ் சரியாகப் புதுப்பிக்கப்பட்டிருந்தும் இணைப்பு வராது. இடைமுகத்தை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும், பெயரை அவ்வப்போது மீண்டும் விசாரிக்கும் சிறு ஸ்கிரிப்டும் வயர்கார்டு கருவிகளோடே கிடைக்கிறது. யுடிபியைத் தடுக்கும் அலுவலக, விடுதி வைஃபைகளில் வயர்கார்டு இயங்காது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே கைபேசி ஹாட்ஸ்பாட்தான் வழி.

டெயில்ஸ்கேல்

சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கும் வீடுகளுக்கு, அதாவது நம்மில் கணிசமானோருக்கு, என் முதல் பரிந்துரை இதுவே. அடியில் இருப்பது அதே வயர்கார்டு. ஆனால் இரண்டு முனைகளும் வெளிநோக்கி ஒருங்கிணைப்புச் சர்வரோடு பேசி, ஒன்றின் இருப்பிடத்தை மற்றொன்றுக்குச் சொல்லி, நாட் (பல கருவிகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்கும் ஏற்பாடு) தடுப்புகளில் துளையிட்டு நேரடியாக இணைய முயல்கின்றன. தனிச் சாவிகள் நம் கருவிகளை விட்டு வெளியே போவதில்லை. நிறுவனத்திடம் இருப்பவை பொதுச் சாவிகள் மட்டுமே. துளையிட முடியாவிட்டால் டெர்ப் என்ற ரிலே (இடையில் நின்று கடத்தும்) சர்வர்கள் வழியாகத் தரவு போகிறது. அது குறியாக்கம் செய்யப்பட்டபடியே போவதால் ரிலேயால் படிக்க முடியாது. ரிலே வழக்கமான பாதுகாப்பான இணையப் போக்குவரத்தின் வழியிலேயே செல்வதால், வயர்கார்டு தோற்கும் அலுவலக வைஃபையிலும் இது ஏதோ ஒரு வேகத்தில் இயங்கிவிடுகிறது.

பழுதுபார்ப்பில் இதன் பெரிய நன்மை, அது தன் நிலையைச் சொல்லிவிடுகிறது என்பது. நிலைக் கட்டளையில் சர்வருக்கு எதிரே நேரடி என்று முகவரியோடு வந்தால் இணைப்பு நேராக நடக்கிறது. ரிலே என்று வந்தால் அதுவே மெதுவாக இருப்பதற்குக் காரணம். இரண்டு பக்கமும் கடினமான நாட் இருக்கும்போது ரிலே நிரந்தரமாகிவிடுவதுண்டு. அப்போது வீட்டு ரவுட்டரில் ஐபிவி6ஐ இயக்கிப் பார்க்க வேண்டும். இரண்டு முனையிலும் ஐபிவி6 இருந்தால் டெயில்ஸ்கேல் அதைத் தானே கண்டுபிடித்து நேரடி இணைப்புக்கு முயலும். தனியாக நம்பத் தயங்கிய ஐபிவி6 இங்கே நல்ல துணையாகிறது.

இதில் வரும் மிகப் பொதுவான பழுது, சாவி காலாவதி. ஒவ்வொரு கருவியின் சாவிக்கும் வழக்கமான ஆயுள் 180 நாள். அதன்பின் அந்தக் கருவியில் மீண்டும் உள்நுழைய வேண்டும். கைபேசிக்கு இது நல்ல பாதுகாப்பு. மானிட்டர்கூட இல்லாமல் அலமாரியில் இருக்கும் சர்வருக்கு இது, ஆறு மாதம் ஒழுங்காக இயங்கிவிட்டு ஒரு காலையில் காணாமல்போவதில் முடியும். நிர்வாகப் பக்கத்தில் சர்வருக்கு மட்டும் சாவிக் காலாவதியை நிறுத்திவைக்கலாம். நிறுவிய அன்றே செய்ய வேண்டிய வேலை அது. சர்வர் வழியாக வீட்டின் மற்றக் கருவிகளையும் அடைய விரும்புகிறவர்கள், அந்த வழித்தடத்தைச் சர்வரில் அறிவித்தால் மட்டும் போதாது, நிர்வாகப் பக்கத்தில் ஒப்புதலும் தர வேண்டும் என்பதை மறந்து தவிப்பார்கள்.

இதன் குறை, நம் வீட்டு வாசலின் ஒழுங்கு ஒரு வெளி நிறுவனத்தின் கையிலும், நாம் உள்நுழையப் பயன்படுத்தும் கூகுள் அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கின் கையிலும் இருப்பது. அந்தக் கணக்கு முடங்கினால் புதிய கருவியைச் சேர்க்க முடியாது. இதை ஏற்க மனமில்லாதவர்களுக்கு ஹெட்ஸ்கேல் என்ற திறமூல ஒருங்கிணைப்புச் சர்வர் இருக்கிறது. அதை இயக்கவே பொது முகவரி உள்ள ஓர் இடம் வேண்டும் என்பதால், அவர்கள் விபிஎஸ் பக்கம் போக வேண்டியிருக்கும்.

நடுவில் ஒரு விபிஎஸ்

மாதம் சில நூறு ரூபாய்க்கு மும்பையிலோ பெங்களூரிலோ ஒரு சிறிய விபிஎஸ் எடுத்து, வீட்டுச் சர்வர் அதை நோக்கி வயர்கார்டு சுரங்கம் அமைத்துக்கொண்டால் சிஜிநாட் ஒரு தடையே இல்லை. சுரங்கம் உயிரோடிருக்க வீட்டுப் பக்கத்தில் 25 விநாடிக்கு ஒருமுறை சிறு பாக்கெட் அனுப்பும் அமைப்பைச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் நாட் அட்டவணை மறந்துவிட, வெளியிலிருந்து அழைக்கும்போது வீடு பதில் தராது. முழு ஆளுமை நம்மிடம், ஆனால் பராமரிக்க வேண்டிய இயந்திரங்கள் இரண்டாகின்றன.

ராஸ்பெரி பையோடு இந்த வழியை அமைக்கிறவர்கள் ஒரு பழுதை அறிந்திருக்க வேண்டும். ராஸ்பெரி பை 4 வரையிலான பலகைகளில் மின்சாரம் இல்லாதபோதும் ஓடும் கடிகாரம் கிடையாது. மின்வெட்டுக்குப் பின் எழும் பலகை, கடைசியாக நினைவிலிருக்கும் பழைய நேரத்திலிருந்தே தொடங்கும். வயர்கார்டின் கைகுலுக்கலில் நேர முத்திரை உண்டு. முன்பு பார்த்ததைவிடப் பழைய முத்திரையோடு வரும் அழைப்பை, யாரோ பழைய பாக்கெட்டைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று கருதி விபிஎஸ் நிராகரித்துவிடும். இணையத்திலிருந்து நேரம் சரியானதும் இணைப்பு தானே மீளும். ஆனால் எல்லாப் போக்குவரத்தையும் சுரங்கம் வழியாகவே அனுப்புமாறு அமைத்திருந்தால், நேரம் சரியாகச் சுரங்கம் வேண்டும், சுரங்கம் எழச் சரியான நேரம் வேண்டும் என்ற முடிச்சில் சர்வர் சிக்கிக்கொள்ளும். நேரத்துக்கான போக்குவரத்தைச் சுரங்கத்துக்கு வெளியே விடுவதே தீர்வு.

கிளவுட்ஃப்ளேர் டனலும் தயாரிப்பாளர் சேவைகளும்

இவ்விரண்டையும் சுருக்கமாகப் பார்த்தால் போதும், ஏனெனில் இவை கோப்புச் சர்வரை நெட்வொர்க் டிரைவாகத் தருபவை அல்ல. கிளவுட்ஃப்ளேர் டனல், நெக்ஸ்ட்கிளவுட் போன்ற கோப்புப் பகிர்வு மென்பொருளின் இணையப் பக்கத்தைச் சொந்த டொமைன் பெயரில் உறவினர்களுக்குக் காட்ட மிக நல்லது. அவர்கள் எந்த மென்பொருளும் நிறுவ வேண்டாம், போர்ட்டும் திறக்க வேண்டாம். அதன் இலவசத் திட்டத்தில் ஒரே கோரிக்கையில் 100 எம்பிக்கு மேல் பதிவேற்ற முடியாது; சிறு படங்கள் ஏறி, கல்யாண வீடியோ மட்டும் பாதியில் நின்றால் இதுவே காரணம், துண்டு துண்டாகப் பதிவேற்றும் செயலிகளில் இது வராது. குறியாக்கம் கிளவுட்ஃப்ளேரின் சர்வரில் அவிழ்க்கப்பட்டு மறுபடி போடப்படுவதால், உள்ளடக்கத்தை அவர்களால் பார்க்க இயலும் என்பதை ஏற்றுக்கொண்டே இதில் இறங்க வேண்டும். பத்திரங்களின் ஸ்கேன்களை இதன் வழியாக நான் வைக்கமாட்டேன்.

நாஸ் தயாரிப்பாளரான சினாலஜியின் குவிக்கனெக்ட் போன்றவை சிஜிநாட்டையும் தாண்டி இயங்கும், அமைக்க ஐந்து நிமிடம் போதும். ரிலே வழியாகச் செல்லும்போது மெதுவாகும், எஸ்எம்பி டிரைவாகப் பயன்படாது, நிறுவனத்தின் செயலிகளுக்குள்ளேயே நிற்க வேண்டும். கைபேசியில் எப்போதாவது ஒரு படத்தை எடுப்பவருக்கு இது போதுமானதே. இரட்டைச் சரிபார்ப்பை மட்டும் கட்டாயம் இயக்கிவைக்க வேண்டும்.

சுரங்கம் சரி, கோப்பு மட்டும் வரவில்லை என்றால்

எந்த விபிஎன் வழியைத் தேர்ந்தாலும், இணைப்பு ஏற்பட்டபின் வரும் பழுதுகள் பொதுவானவை. சர்வரை நெட்வொர்க் பட்டியலில் தேடிப் பார்த்துவிட்டு அது இல்லை என்பார்கள். அந்தப் பட்டியலை உருவாக்கும் அறிவிப்புகள் ஒரே வலையமைப்புக்குள் மட்டுமே பரவுகின்றன, விபிஎன்னைத் தாண்டுவதில்லை. பெயருக்குப் பதில் ஐபி முகவரியை நேராகக் கொடுத்தால் திறக்கும். அப்படியும் திறக்காவிட்டால் சாம்பா அமைப்புக் கோப்பில் அனுமதிக்கப்பட்ட முகவரிகளைச் சொல்லும் வரியைப் பார்க்க வேண்டும். அங்கே 192.168 வரிசை மட்டும் இருந்தால், 10 என்றோ 100 என்றோ தொடங்கும் விபிஎன் முகவரியிலிருந்து வருகிறவரைச் சாம்பா வெளியாளாகவே நடத்தும். அந்த வரியில் விபிஎன் வரிசையையும் சேர்த்துச் சாம்பாவை மறுதொடக்கம் செய்தால் போதும். நாஸ் பெட்டிகளின் ஃபயர்வாலிலும் இதே விதி ஒளிந்திருக்கும்.

வீட்டிலும் நாம் போய் அமர்ந்த இடத்திலும் வலையமைப்பு 192.168.1 என்றே இருந்தால், சொந்த வயர்கார்டு பயன்படுத்துகிறவர்களின் கணினி சர்வரைத் தன் அருகிலேயே தேடிக்கொண்டிருக்கும். பெரும்பாலான ரவுட்டர்கள் சில எண்களையே வழக்கமாக வைத்திருப்பதால் இந்த மோதல் அடிக்கடி நிகழ்கிறது. வீட்டு வலையமைப்பை 192.168.87 போன்ற அரிதான எண்ணுக்கு முன்கூட்டியே மாற்றிவைக்கலாம். சர்வருக்கே தனி முகவரி தரும் டெயில்ஸ்கேலில் இது பெரும்பாலும் தலைகாட்டாது.

மெதுவாக இருக்கிறது என்ற புகாரில், முதலில் வீட்டின் பதிவேற்ற வேகத்தைக் கேட்க வேண்டும். நாம் இங்கே இறக்குவது வீட்டு இணைப்பின் பக்கத்தில் பதிவேற்றமே. 40 எம்பிபிஎஸ் பதிவேற்றத்தில் ஒரு ஜிபி கோப்புக்கு ஏறக்குறைய மூன்றரை நிமிடம் ஆகும், அதை எந்த வழியாலும் குறைக்க முடியாது. ஒரு கோப்பு வேகமாக வந்து, ஆயிரம் படங்கள் உள்ள கோப்புறையைத் திறக்க மட்டும் நேரமானால் அது எஸ்எம்பியின் இயல்பு: ஒவ்வொரு சிறு செயலுக்கும் கேள்வி பதிலாகப் பேசும் நெறிமுறை அது, தூரம் கூடக்கூடச் சுணங்கும். சிங்கப்பூரிலோ லண்டனிலோ இருப்பவர்கள் சுரங்கத்துக்குள் எஸ்எஃப்டிபி என்ற கோப்புப் பரிமாற்ற நெறிமுறையைப் பயன்படுத்துவது மேல். அடிக்கடி தேவைப்படும் கோப்புறைகளை சிங்க்திங் என்ற மென்பொருள் கொண்டு இரண்டு இடத்திலும் ஒத்திசைத்துக்கொள்வது அதனினும் மேல். வெப்டேவ் என்ற இணையவழிக் கோப்பு நெறிமுறை வழியாக முயல்கிறவர்களுக்கு விண்டோஸ் வழக்கமாக 50 எம்பி வரையிலான கோப்புகளையே அனுமதிக்கிறது. ரெஜிஸ்ட்ரியில் அந்த எல்லையை உயர்த்தலாம்.

ஆகவே நம் மதுரை வீட்டுக்கு என் தீர்ப்பு இது. சிஜிநாட் இருந்தால் டெயில்ஸ்கேல். பொது முகவரி இருந்து, வயர்கார்டின் நிலை வரிகளைப் படிக்கும் பொறுமையும் இருந்தால் சொந்த வயர்கார்டு. ஆனாலும் டெயில்ஸ்கேலை இரண்டாவது வழியாக நிறுவிவைக்க வேண்டும், ஒன்றை மாற்றியமைக்கும்போது தவறு நேர்ந்தால் மற்றொன்றின் வழியாக உள்ளே போய்ச் சரிசெய்யலாம். அந்த இரண்டாவது வழி வேறொரு கருவியில், நாஸ் பெட்டிக்குத் துணையாக ஒரு பழைய ராஸ்பெரி பையில், இருந்தால் இன்னும் நல்லது: நாஸ் தொங்கிவிட்டாலும் வீட்டு வலையமைப்புக்குள் நுழைய ஓர் ஆள் இருக்கும். ஃபைபர் பெட்டியையும் ரவுட்டரையும் சிறிய யுபிஎஸ் ஒன்றில் இணைத்து, மின்சாரம் திரும்பியதும் நாஸ் தானே எழும்படி அதன் மின்சார அமைப்பில் குறித்துவைக்க வேண்டும்.

ஊருக்குக் கிளம்பும் முன், சர்வரை முறையாக நிறுத்தி, அதன் மின் இணைப்பைப் பிடுங்கி, ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் செருகுங்கள். வேறெதையும் தொடாமல், கைபேசியில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் ஒரு பெரிய வீடியோவை முழுதாக இறக்கிப் பாருங்கள். அது தடையின்றி வந்து சேர்ந்தால் கிளம்பலாம்.